மூணு வேளை, மூணு ஷிப்ட்

மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் காக்கிக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சாகியிருக்கும். சில கவர்களில் எழுத்துக்குப் பதிலாகப் படம்: உதிக்கும் சூரியன், உச்சி வெயில், பிறைநிலா. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று நல்ல மனதோடு செய்ததுதான். வரைந்தவர் ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு வாரம் தங்கியிருந்தால் வேறு மாதிரி வரைந்திருப்பார். இங்கே நிறையப் பேருக்கு நிலா வந்த பிறகுதான் வேலை தொடங்கும். உச்சி வெயிலில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டுத் தூங்குவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, டி.பார்ம் சான்றிதழோடு நான் ஓசூருக்கு வந்தேன். அப்போது இது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் காலூன்றியிருந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்தன. மூக்கண்டப்பள்ளியில் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தேன். கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்றால் நாலு பாஷை காதில் விழும். தளிக்காரர் கன்னடத்தில் கேட்பார், பாகலூர், பேரிகைப் பக்கத்தவர் தெலுங்கில் கேட்பார். சில குடும்பங்கள் உருது. பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் வந்ததும் இந்தியும் சேர்ந்துகொண்டது. நான் எல்லாருக்கும் அக்கா; வடக்கத்திப் பிள்ளைகளுக்கு தீதி.

அந்தக் கவரின் கோளாறு எனக்குப் புரிந்தது ஒரு மெஷின் ஷாப் பையனால். தொண்டையில் சீழ் வைத்து, டாக்டர் அமாக்ஸிசிலின் மூன்று வேளை எழுதியிருந்தார். நாலாம் நாள் அதே வலியோடு வந்து நின்றான்.

"மாத்திரை ஒழுங்கா போட்டியா தம்பி?"

"போட்டேங்கா. நைட் டூட்டி போறப்ப ஒண்ணு, வந்து ஒண்ணு. மதியம் தூங்கிடறேன், அதனால அது மட்டும் இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. பத்து மணி ஷிப்டுக்குப் போகும்போது ஒன்று, காலை ஆறரைக்குத் திரும்பி வந்து ஒன்று. அதற்கு மேல் பதினைந்து மணி நேரத்துக்கு எதுவும் இல்லை. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு ரத்தத்தில் இருக்கும் அமாக்ஸிசிலினில் பாதி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஏழெட்டு மணி நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி மிச்சம் இருக்காது. மூன்று வேளை என்று டாக்டர் எழுதியதன் பொருள் எட்டு மணிக்கொரு முறை. மூன்று சாப்பாட்டை அவர் நினைக்கவில்லை. மருந்தில்லாத அந்த நீண்ட இடைவெளியில், செத்தது போக மிஞ்சிய கிருமிகள் பெருக நேரம் கிடைக்கிறது.

அன்றிலிருந்து கவரில் சூரியனையும் நிலாவையும் பேனாவால் அடித்துவிட்டு மணியை எழுத ஆரம்பித்தேன். 6, 2, 10. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் மாறும் நேரமும் அதுதான். எந்த ஷிப்டில் இருந்தாலும் இந்த மூன்று நேரத்தில் ஆள் விழித்திருப்பான், அல்லது யாராவது ரூம்மேட் எழுந்தோ வந்தோ சத்தம் போடுவான். சைரன் கேட்டால் மாத்திரை என்று சொல்லிவிட்டால் பாஷை தெரியாதவனுக்கும் புரியும். இரண்டு வேளை மருந்துக்கு 6, 6 என்று எழுதுவேன். வாரம் மாறி ஷிப்ட் மாறினாலும் மாத்திரை நேரத்தை மாற்றாதே என்று சொல்லி அனுப்புவேன். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது ஒவ்வொரு கவருக்கும் ஒரு நிமிஷம் ஆகிறதே என்பார். அது உண்மைதான், ஆகும்.

அசித்ரோமைசினை ஏன் தொழிலாளிகள் இத்தனை விரும்பினார்கள் என்பதற்கும் காரணம் இந்த மணிக்கணக்கில் இருக்கிறது. அது உடம்பின் திசுக்களுக்குள் போய்த் தங்கிவிடும்; பாதியாகக் குறையவே மூன்று நாள் பக்கம் ஆகும். அதனால் பல நோய்களுக்கு ஒரு நாளுக்கு ஒன்று, மூன்று நாள் என்றே எழுதுவார்கள். மூன்று மாத்திரை, ஒரு சின்ன ஸ்ட்ரிப், வேலை முடிந்தது. 2019-ல் இந்தியாவில் தனியார் சந்தையில் விற்ற ஆன்டிபயாடிக்குகளைக் கணக்கெடுத்து ஓர் ஆய்வு வந்தது. அதில் முதலிடம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைக்கு, அடுத்தது செஃபிக்சிம் 200. எனக்கு ஆச்சரியமே இல்லை. என் கடை அலமாரியில் கைக்கு எட்டும் தட்டில் அந்த இரண்டும்தான் இருந்தன.

அதில் பெரும்பகுதி தேவையில்லாமல் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பனிக்காலத்தில் ஓசூர் குளிரில் சளி, இருமல், தொண்டை கரகரப்பு என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ். அதை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. ஆனால் கான்ட்ராக்டில் இருப்பவனுக்கு லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆட்டோ, அரை நாள் சம்பளம் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு மெடிக்கலுக்கு வருவான். "ரெண்டு செட் குடுங்கக்கா." செட் என்றால் ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக். இரண்டு செட் என்றால் ஒரு நாளைக்கு. அவனை நான் ஒருநாளும் திட்டியதில்லை. ஸ்ட்ரிப்பைக் கத்தரித்து அப்படி விற்றவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். கத்தரிக்கோல் பட்ட இடத்தில் காலாவதித் தேதி போய்விடும், பேட்ச் நம்பர் போய்விடும், சில சமயம் பெயரே பாதி போய்விடும். அலர்ஜி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன மாத்திரை என்று காட்டக்கூட வழி இல்லை.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தைச் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை வரும், விவரம் தெரியாதவர் குறைவான அளவில் சாப்பிட்டுக் கிருமியைப் பழக்கிவிடுவார் என்பது அவர் பயம். அவர் கற்பனையில் கண்ட அந்த ஆள் எங்கள் கவுண்டரில் தினமும் நின்றார்.

2014 மார்ச் 1-லிருந்து மருந்துச் சட்ட விதிகளில் ஹெச் ஒன் அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் எல்லாம் சேர்த்து 46 மருந்துகள். விற்றால் தனி ரிஜிஸ்டரில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுத வேண்டும்; மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2016-ல் ஆன்டிபயாடிக் அட்டைகளில் இருக்கும் செங்குத்தான சிவப்புக் கோட்டைப் பற்றி மத்திய அரசு விளம்பரம் செய்தது. அந்தக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்பது சேதி. கோட்டைக் காட்டி நான் விளக்கும்போது "அது டிசைன்னு நெனச்சேன்" என்று சொன்னவர்கள் உண்டு.

சட்டம் வந்ததும் எனக்குக் கொஞ்சம் பலம் வந்தது. "எழுதணும் அண்ணா, சீட்டு வேணும்" என்று ரிஜிஸ்டரைக் காட்ட முடிந்தது. எல்லையோரத்தில் இருப்பவருக்கு அதற்கும் பதில் இருந்தது: "அத்திப்பள்ளியில குடுப்பாங்க." பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கர்நாடகம். மருந்துச் சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான், பெங்களூர் டாக்டர் எழுதிய சீட்டு இங்கே செல்லும், இங்கே எழுதியது அங்கே செல்லும். சீட்டே இல்லாததும் சில இடங்களில் இரண்டு பக்கமும் செல்லத்தான் செய்தது.

சீட்டு இருந்தாலும் ஆபத்து முடிந்துவிடாது. சூளகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் பல் டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தார்: அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், வலிக்கு ஒன்று. காசு எடுக்கப் பையைத் திறந்தபோது உள்ளே அசிட்ரோம் அட்டை தெரிந்தது. பெங்களூரில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க அந்த மாத்திரை. மெட்ரோனிடசோல் சேர்ந்தால் அசிட்ரோமின் வேலை ஏறிவிடும், எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம்.

"பல் டாக்டர்கிட்ட இந்த மாத்திரைய சொன்னீங்களாம்மா?"

"பல்லுக்குத்தானே போனேன், இதை ஏன் சொல்லணும்?"

சீட்டிலிருந்த நம்பருக்கு போன் போட்டேன். அந்த டாக்டர் உடனே மெட்ரோனிடசோலை நிறுத்தச் சொன்னார், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார், எனக்கு நன்றியும் சொன்னார். எல்லாரும் அப்படி இருந்ததில்லை. "நீ யாரு எனக்குச் சொல்ல?" என்று போனை வைத்தவர்களும் உண்டு. அதற்காகக் கேட்பதை விடவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்னால் எதுவாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, கிட்னியில் ஏதாவது கோளாறு, பெண்களென்றால் நாள் தள்ளிப் போயிருக்கிறதா. மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் இன்னொன்றும்: தண்ணி போடும் பழக்கம் உண்டா? மாத்திரை ஓடும் நாட்களிலும், முடிந்து மூன்று நாள் வரையிலும் கூடாது என்று சொல்வேன். சனிக்கிழமை சாயங்காலம் இதைச் சொல்லும்போது ஆண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதிலும் இரண்டு வகை. வயிறு லேசாகக் கலங்குவது பல ஆன்டிபயாடிக்கில் வரும். அது அலர்ஜி ஆகாது. உடம்பெல்லாம் தடித்து அரிப்பது, உதடோ கண்ணிமையோ வீங்குவது, மூச்சு இரைப்பது வேறு. அது நடந்திருந்தால் அந்த மருந்தின் பெயரை ஆதார் கார்டு வைக்கும் பர்ஸிலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூச்சு இரைத்தால் என் கடைக்கு வராதே, நேராக 108-ஐக் கூப்பிடு என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

நெஞ்சு வலி என்று பயந்து பெங்களூர் வரை போனவர் கதை ஒன்று உண்டு. ஊர் அஞ்செட்டிப் பக்கம், வேலை இங்கே ஒரு வார்ப்புக் கம்பெனியில். பண்டிகைக்கு ஊருக்குப் போய் ஆடு மேய்க்கும் காட்டில் சுற்றிவிட்டு வந்தார். விடாத காய்ச்சல். நல்ல டாக்டராக அமைந்தது அவர் அதிர்ஷ்டம். சட்டையைக் கழற்றிப் பார்த்து இடுப்பு மடிப்பில் கருத்த பொருக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைஃபஸ், சின்னப் பூச்சி கடித்து வருவது. டாக்சிசைக்ளின் ஒரு வாரம். இந்தக் காய்ச்சல் முற்றி நுரையீரலையும் மூளையையும் தொட்டுவிட்டவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியாகி உலகமே பேசியது. ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் விலை மலிவான இந்த டாக்சிசைக்ளினே கேட்கும்.

அவருக்கும் கேட்டது. இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கி வேலைக்குப் போனார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, கேப்சூலை வாயில் போட்டு, ஒரு மடக்கு டீயில் விழுங்கி, அப்படியே பாயில் சாய்ந்தார். அது உணவுக்குழாயில் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு கரைந்து உள்ளே புண்ணாக்கிவிட்டது. எச்சில் விழுங்கினாலே நெஞ்சைப் பிளக்கும் வலி. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் புண் தெரிந்தது.

டாக்சிசைக்ளின் கொடுக்கும்போதெல்லாம் ஒரு டம்ளரைக் கவுண்டர் மேல் வைத்துக் காட்டுவேன். இது நிறையத் தண்ணீர், உட்கார்ந்தோ நின்றோ குடிக்கணும், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. வெயிலில் வேலை செய்பவருக்குத் தோல் கருகிச் சிவக்கலாம் என்பதும் உண்டு. மோரும் பாலும் அதே நேரத்தில் வேண்டாம். இந்தப் பக்கத்தில் காலையில் ராகிக் கூழில் மோர் ஊற்றிக் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் இன்னும் கவனம். பாலில் இருக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் எல்லாம் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய மருந்து மலத்தோடு போகும். முதலில் சிப்ரோ, இரண்டு மணி நேரம் கழித்து மற்றது என்று கவரில் எழுதிவிடுவேன்.

பெண் பிள்ளைகள் கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்பார்கள். ஹாஸ்டலில் தங்கி எலெக்ட்ரானிக்ஸ், கார்மெண்ட்ஸ் லைன்களில் வேலை பார்க்கிறவர்கள். மற்றவர்கள் போனதும் மெதுவாக, "அக்கா, யூரின் போனா எரியுது." டார்கெட் முடியும் வரை எழுந்து போக முடியாது, எழுந்து போகாமலிருக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. நான் மாத்திரை தரமாட்டேன், டாக்டரிடம் அனுப்புவேன். ஈ.எஸ்.ஐ. கார்டு இருப்பதே பாதிப் பேருக்கு நினைவிருக்காது. பிடித்தம் மாதாமாதம் நடக்கும். நைட்ரோஃப்யூரண்டாயின் எழுதி வாங்கி வருவார்கள். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். இன்னொன்று, சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும். அதை யாரும் சொல்லாமல் விட்டதால் ரத்தம் என்று பயந்து இரண்டாம் நாளே ஒரு பெண் நிறுத்திவிட்டாள். பத்து நாள் கழித்து இடுப்பு வலியும் குளிர் காய்ச்சலுமாக வந்தாள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அட்மிட் செய்து ஊசி போட வேண்டியதாயிற்று.

குழந்தைகளுக்கான சிரப் தனிக் கதை. பாட்டிலில் பொடி இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். பொடியாகவே கரண்டியில் ஊட்டிய அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அமாக்ஸிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்த சிரப்பைக் கலந்தால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஏழு நாளில் கொட்டிவிட வேண்டும். தகர ஷெட்டில் ஐந்து பேர் தங்கும் இடத்தில் ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது? ஒடிசாக்காரப் பெண் ஒருத்தியின் பிள்ளைக்குக் காதில் சீழ். பாட்டிலை எங்கள் கடையில் இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜில், மேலே பெயர் ஒட்டி வைத்தேன். காலையிலும் சாயங்காலமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கேயே ஊட்டிவிட்டுப் போவாள். முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவரே இன்னொரு பாட்டிலுக்கு இடம் ஒதுக்கினார்.

2020-ல் கொரோனா ஊரடங்கில், கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி செக்போஸ்ட் அடைபட்டது. பெங்களூரில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தொலைமருத்துவ விதிகள் அந்த மார்ச்சில் வந்தன. வாட்ஸ்அப்பில் சீட்டு வர ஆரம்பித்தது. கொரோனா ஒரு வைரஸ் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் எல்லாச் சீட்டிலும் அசித்ரோமைசின் இருந்தது. பெரிய பெரிய டாக்டர்களே எழுதினார்கள். சாதாரண கொரோனாவுக்கு அதனால் பலனில்லை என்று ஆய்வுகள் சொன்ன பிறகும், அடுத்த அலையில் ஸ்டாக் வந்த அன்றே தீர்ந்தது.

இத்தனை வருடமாக "கோர்ஸை முடிங்க" என்பதை நான் மந்திரமாகச் சொல்லி வந்தேன். 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில நிபுணர்கள் அந்த மந்திரத்தையே கேள்வி கேட்டார்கள். தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடலில் இருக்கும் மற்ற கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கிறது, பல நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்றார்கள். நிமோனியாவில் நன்றாகத் தேறி வருபவருக்கு ஐந்து நாள் போதும் என்பது இப்போது பரவலாக ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதே சமயம், ஸ்ட்ரெப் தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் பத்து நாள் கொடுப்பது இதய வால்வைக் காப்பாற்ற. அந்தச் சூளகிரி அம்மாவுக்குச் சின்ன வயதில் யாராவது அதைக் கொடுத்திருந்தால் அசிட்ரோம் தேவைப்படாமலே போயிருக்கலாம். காசநோய்க்கு ஆறு மாதம், அதில் பேரமே இல்லை. ஆகவே நானும் மாற்றிக்கொண்டேன். எத்தனை நாள் என்பது நோயைப் பார்த்து டாக்டர் எடுக்கும் முடிவு, சீக்கிரம் குணமானால் அவரைக் கேட்டு நிறுத்து, நீயாக நிறுத்தாதே, நீயாக நீட்டாதே. இதைச் சொல்ல மந்திரத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு பையன், காலில் வெட்டுக்காயம் சீழ் பிடித்ததற்குச் செஃபலெக்சின் சாப்பிட்டவன், ஐந்தாம் நாள் வந்தான். காயம் வற்றிவிட்டது. என் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டான். அவர் போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்தலாம் என்றார்.

"தீதி, மிச்சம் இருக்கே. ரூம்ல தோஸ்துக்குக் காய்ச்சல், அவனுக்குக் குடுத்துடவா?"

"அவனுக்கு என்ன காய்ச்சல்னு யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"எத்தனை நாளா?"

"மூணு நாள். கண்ணு பின்னால வலிக்குதுங்கறான்."

மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அவனுக்கு மனசில்லை. தோஸ்தை ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஆட்டோவுக்குச் சொன்னேன். செகண்ட் ஷிப்ட் போகணுமே என்று தயங்கினான், பிறகு சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் போன் வந்தது. டெங்கு. ட்ரிப்ஸ் ஏற்றி, பிளேட்லெட் எண்ணிக்கொண்டு வார்டில் வைத்திருக்கிறார்களாம், பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.